மூன்றை விழுங்கிய கேலரி

ஜூலை 14

நெட்டையக்காவுக்கு,

எலி எழுதுவது. உடம்பு நன்றாக இருக்கிறது. மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. உன் முழங்கால் வீக்கம் வற்றியதா? ஐஸ் வைக்கிறாயா, இல்லை வழக்கம்போல வைத்துக்கொண்டதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாயா?

போனில் ஏன் பேசுவதில்லை என்று கேட்டிருந்தாய். இந்த ஹாஸ்டலில் இருப்பதே ஒரு போன்தான், அதுவும் வார்டன் அறை வாசலில். பேசுகிறவளுக்குப் பின்னால் பதினைந்து பேர் வரிசையில் நின்று அவள் கதையைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அழுகிற மாதிரி இருந்தால் அங்கே நின்று அழ முடியுமா? அதனால் கடிதம்.

வந்து நாலு வாரமாகிறது. அறையில் என்னோடு மூன்று பேர். மூவரும் ஒரே பள்ளியில் படித்துவிட்டு வந்தவர்கள். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன், நான் அவர்களுக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். சாப்பாட்டுக் கூடத்தில் தட்டை வைத்துக்கொண்டு எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றால் எல்லாரும் பார்க்கிறார்கள் போலிருக்கிறது. ஐந்து நிமிடத்தில் விழுங்கிவிட்டு ஓடி வந்துவிடுகிறேன்.

ஒரே ஒரு இடத்தில்தான் எனக்கு மூச்சு வருகிறது. கூடைப்பந்து அரங்கத்துக் கேலரி. எண்ணூறு பேர் உட்காரலாம். எதிரணி ஆள் கோட்டில் தனியாக நின்று ஃப்ரீ த்ரோ போடும்போது எண்ணூறு பேரும் ஒரே தொண்டையாகக் கத்துவார்கள். இந்தக் கூட்டத்தை நடத்துகிறவர் நாலாம் வருடத்து அண்ணன் ஒருவர். கையில் மைக் கிடையாது, ஆனால் ஊருக்கே கேட்கும். அதனால் அவருக்கு மைக் அண்ணன் என்று பெயர்.

அவரைச் சுற்றி முன் பெஞ்ச் என்று ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு பேர் உட்காருகிற இடம். கல்லூரியில் அந்தப் பன்னிரண்டு பேருக்கும் தனி மரியாதை. முதல் வருடத்தில் அங்கே உட்கார வேண்டுமென்றால் ஒரு ‘சொல்’ போட வேண்டும். எதிரணி ஆள் ஒருவரைப் பற்றி வெளியே யாருக்கும் தெரியாத ஒரு விஷயம். பட்டப்பெயரோ, பயமோ, ஏதாவது. மேட்சில் அதை வைத்துக் கத்திப் பார்ப்பார்கள். ஆள் தடுமாறினால் சொல் போட்டவருக்கு வருடம் முழுக்க இடம்.

எனக்கு யாரைத் தெரியும், என்ன தெரியும்? மேல் படியில் உட்கார்ந்து கத்திவிட்டு வருகிறேன். பெரியம்மாவிடம் நான் ஜோராக இருப்பதாகச் சொல்லிவிடு.

உன்
எலி

*

ஜூலை 25

எலிக்கு,

முழங்கால் என் பேச்சைக் கேட்க ஆரம்பித்திருக்கிறது. நீ சாப்பிடுகிறாயா என்பதுதான் இப்போது கேள்வி. ஐந்து நிமிடத்தில் விழுங்கினால் வயிறு உன்னைச் சும்மா விடாது. யாராவது தனியாகச் சாப்பிடுகிறவளாகப் பார்த்து அவள் எதிரே போய் உட்கார். அவளும் உன்னை மாதிரிதான் நடுங்கிக்கொண்டிருப்பாள்.

உன் கேலரியைப் பற்றி எனக்குச் சொல்லித் தர வேண்டாம். மூன்று வருடமாக எங்கள் கல்லூரி அணியோடு அங்கே வந்து காது அடைத்துத் திரும்புகிறேன். எங்கள் பக்கம் வருகிறவர்கள் நாற்பது பேர். எங்கள் ஆள் ஃப்ரீ த்ரோ போடும்போது அந்த நாற்பது பேரும் வாயே திறக்கக் கூடாது, இது கோச் அம்மாவின் சட்டம். தும்மல் வந்தால்கூட விழுங்க வேண்டும்.

ஆகஸ்ட் 23 அங்கே வருகிறோம். இது எனக்குக் கடைசி வருடம். இந்த வருடம்தான் கோச் அம்மா என்னை முதல் ஐந்து பேரில் நிற்க வைத்திருக்கிறார். அதற்கு எத்தனை காலைகள் போயின என்று உனக்குத் தெரியும். இடம் கையை விட்டுப் போனால் திரும்பி வராது. பின்னாலேயே மூன்று பேர் காத்திருக்கிறார்கள்.

நீ என் சித்தி மகள் என்று அங்கே யாரிடமும் சொல்லாதே. கேட்டுத் துளைத்துவிடுவார்கள். மற்றபடி தாராளமாகக் கத்து. உன் கல்லூரி, உன் தொண்டை. நெட்டை, ஏணி, தென்னை மரம், எது வேண்டுமானாலும் சொல், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். மேட்ச் முடிந்ததும் எங்கள் பஸ் பக்கம் வந்துவிடு, சேர்ந்து டீ குடிக்கலாம்.

அன்புடன்
அக்கா

*

ஆகஸ்ட் 9

அக்காவுக்கு,

நான் ரொம்ப நன்றாக இருக்கிறேன். இந்தத் தடவை மனசும் சேர்த்து. நீ எப்படி இருக்கிறாய்?

எனக்கு முன் பெஞ்ச் கிடைத்துவிட்டது. இன்னும் உறுதியில்லை, ஆனாலும் மைக் அண்ணன் இப்போதே உட்காரச் சொல்லிவிட்டார். நேற்று சாப்பாட்டுக் கூடத்தில் நான் தட்டோடு நின்றபோது நாலு மேசையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். நாலு மேசை, அக்கா. அறையில் இருக்கிற மூன்று பேரும் என் கட்டிலில் வந்து உட்கார்ந்து, “நீ இவ்ளோ அமைதியா இருந்துட்டு எங்கடி வெச்சிருந்த இதையெல்லாம்?” என்று கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆமாம், ஒரு சொல் போட்டேன். சின்ன விஷயம்தான். பலிக்குமோ பலிக்காதோ தெரியாது.

நீ இன்னும் பந்தைத் தரையில் நாலு தட்டுத் தட்டித்தான் ஃப்ரீ த்ரோ போடுகிறாயா? சும்மா கேட்டேன்.

ஆய்வுக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

எலி

*

ஆகஸ்ட் 27

எலிக்கு,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நான் இருக்கிறேன்.

மேட்ச் என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் இதோ. கடைசி நிமிடம். ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். எனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் விழுந்தால் ஜெயிப்போம்.

கோட்டில் நின்று பந்தைத் தட்ட ஆரம்பித்தேன். வழக்கமான சத்தம் வரும் என்று காதை இறுக்கி வைத்திருந்தேன். சத்தம் வரவில்லை. எண்ண ஆரம்பித்தார்கள். நான் தட்டத் தட்ட, எண்ணூறு பேரும் அழகாக, “ஒண்ணு… ரெண்டு…” மூன்றாவது தட்டுக்கு, “நாலு.” நான் குழம்பி, மறுபடி முதலிலிருந்து தட்டினேன். “ஒண்ணு… ரெண்டு… நாலு.” நடுவர் விசில் அடித்துவிட்டார். பந்து கைக்கு வந்த ஐந்து விநாடிக்குள் போட்டாக வேண்டும், அது தாண்டிவிட்டது. முதல் வாய்ப்பு போயிற்று. இரண்டாவதைப் பதறிப்போய்ப் போட்டேன். பந்து வளையத்தைக்கூடத் தொடவில்லை. மொத்தக் கேலரியும் எழுந்து நின்று ஆடியது.

எண்ணிக்கை தப்பினால் எனக்கு மறுபடி ஒன்றிலிருந்துதான் வரும். அப்பா பட்டறையில் வெல்டிங் வைத்துக் கொண்டுவந்து பின்சுவரில் மாட்டிய வளையத்தில் நான் போடும்போது, கீழே நின்று நீ வேண்டுமென்றே தப்பாக எண்ணுவாய். நான் பந்தைத் தூக்கிக்கொண்டு உன்னைத் துரத்துவேன். இது என் கோச் அம்மாவுக்குத் தெரியாது. என்னோடு மூன்று வருடம் ஆடுகிறவர்களுக்குத் தெரியாது.

உன் கல்லூரிக்கு எப்படித் தெரிந்தது? உன் பெஞ்சில்தானே பேசிக்கொள்வார்கள், விசாரித்து எழுது.

பஸ் பக்கத்தில் அரைமணி நேரம் நின்றேன். நீ வரவில்லை. உடம்பு சரியில்லையா?

அக்கா

*

செப்டம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. பருவத் தேர்வு. நீ நலமா? வீட்டில் எல்லாரும் நலமா? இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது.

அன்றைக்கு எனக்கு நல்ல காய்ச்சல். மேட்சுக்கே வரவில்லை. அறையில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். மறுநாள்தான் கேள்விப்பட்டேன், ரொம்ப வருத்தமாக இருந்தது. சீனியர்கள் யாராவது உன் பழைய மேட்சுகளைப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பார்கள். இவர்கள் இதற்கென்றே அலைகிறவர்கள். விசாரித்தேன், யாரும் சரியாகச் சொல்லவில்லை.

நீ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. ஒரு மேட்ச்தானே.

எலி

*

செப்டம்பர் 30

கண்ணு எலிக்கு,

பெரியம்மா எழுதறேன். நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம், உங்க அம்மாவுக்கு இடுப்பு வலி மட்டும் போக மாட்டேங்குது. நீ நேரத்துக்குச் சாப்பிடு. எனக்கு எழுத்து அவ்வளவா வராது, தையல் கூடத்துல மதிய இடைவேளையில உக்காந்து எழுதறேன், பிழை இருந்தா நீயே திருத்திப் படிச்சுக்கோ.

உங்கக்கா சரியில்லடி. போன வாரம் வந்தா. ரெண்டு நாள் இருந்தா, பத்து வார்த்தை பேசியிருந்தா அதிகம். பந்தைக் கோணியில போட்டுக் கட்டி பரண் மேல தூக்கி வெச்சுட்டா. “என்னடி இது?”ன்னு கேட்டா, “எடம் போச்சும்மா, இப்ப பெஞ்சுல உக்காந்து தண்ணி பாட்டில் எடுத்துக் குடுக்கறேன்”ங்கறா. அழுதா தேவலை. அழவும் மாட்டேங்கறா. உங்க பெரியப்பா பின்பக்கம் போய் அந்த வளையத்தைத் தொடச்சுட்டு வந்தார்.

எனக்கு விளையாட்டைப் பத்தி என்ன தெரியும். சின்ன வயசுல அவகூட நின்னு எண்ணினவ நீதான். உன் கடுதாசின்னா ரெண்டு தடவை படிப்பா. நாலு வார்த்தை தைரியமா எழுதுடி. நீ சொன்னா கேப்பா.

பெரியம்மா

*

அக்டோபர் 4

அக்கா,

நலமா என்று கேட்க எனக்கு வாயில்லை.

நான்தான் சொன்னேன். சீனியர் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆகஸ்ட் முதல் வாரம் மைக் அண்ணன் உங்கள் அணிப் பட்டியலை எல்லாரும் பார்க்கும்படி வைத்துக்கொண்டு, “இதுல யாரையாவது யாருக்காவது தெரியுமா?” என்று கேட்டார். உன் பெயர் முதலில் இருந்தது. பெருமையாக இருந்தது, அக்கா. அந்தப் பெருமையில் வாய் திறந்ததுதான். “இவங்க நாலு தட்டுத் தட்டுவாங்க, எண்ணிக்கை மாறினா முதல்லேர்ந்து ஆரம்பிப்பாங்க” என்றேன். பத்துப் பேர் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வந்த நாளிலிருந்து யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அதற்கப்புறம் எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். பக்கத்துத் தெரு என்று பொய் சொன்னேன். சித்தி மகள் என்று சொல்லாதே என்றாயே, அதை மட்டும் காப்பாற்றினேன்.

அவ்வளவு பெரிதாகிவிடும் என்று நினைக்கவில்லை என்று எழுதலாம். அதுவும் முழு உண்மை இல்லை. பலிக்க வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். பலித்தால் இடம் உறுதி. நீ கோட்டில் நிற்கிற வரைக்கும் ஆசைப்பட்டேன்.

காய்ச்சல் பொய். அங்கேதான் இருந்தேன். உன் பஸ் நின்ற இடத்துக்கு வருகிற வழியில் சைக்கிள் நிறுத்தும் கொட்டகை இருக்கிறதே, அதற்குப் பின்னால் நின்றேன். நீ நின்ற அரைமணி நேரமும் நானும் நின்றேன்.

பெரியம்மா கடிதம் போட்டிருக்கிறாள். உனக்குத் தைரியம் சொல்லச் சொல்கிறாள். என்னைப் போய். அதைப் படித்துவிட்டு இனிமேல் என்னால் மறைக்க முடியவில்லை. நீ என்னைத் திட்டு. என்ன வேண்டுமானாலும் எழுது. பந்தை மட்டும் பரணிலிருந்து இறக்கிவிடு.

எலி

*

நவம்பர் 6

அக்காவுக்கு,

ஒரு மாதம் ஆகிவிட்டது. தபால் வருகிற நேரத்தில் வாசலில் நிற்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. தபால்காரர் என்னைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே கையை ஆட்டி இல்லை என்று சொல்லிவிடுகிறார். நீ எழுதாமல் இருப்பதும் சரிதான். உன் உடம்பு எப்படி என்று மட்டும் பெரியம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

29ஆம் தேதி இரண்டாவது சுற்று, மறுபடி எங்கள் அரங்கத்தில். மைக் அண்ணனிடம் போய், “அந்தச் சொல்லை விட்டுடுங்க, நான் திரும்ப எடுத்துக்கறேன்” என்றேன். “குடுத்தது குடுத்ததுதான், இப்ப அது கேலரியோட சொத்து” என்றார். “அவங்க எங்க அக்கா” என்றேன். “இதை முன்னாடியே சொல்லியிருந்தா நான் வாங்கியே இருக்க மாட்டேன். இப்ப எண்ணூறு வாயை நான் எப்படிம்மா மூடுவேன்?” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

முன் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். வேறு ஒன்றும் விசேஷமில்லை. படிப்பு போய்க்கொண்டிருக்கிறது.

நீ வந்தாலும் அவர்கள் எண்ணுவார்கள். அதைச் சொல்லத்தான் எழுதினேன். தெரியாமல் வந்து நிற்காதே.

எலி

*

நவம்பர் 19

எலிக்கு,

இரண்டு கடிதமும் வந்தன. நலம். 29ஆம் தேதி வருகிறேன். கோச் அம்மா விளையாட விட்டால் விளையாடுவேன். வேறு எழுத இப்போது முடியவில்லை.

அக்கா

*

டிசம்பர் 3

எலிக்கு,

நான் நலம். தொண்டை கட்டியிருக்கிறது. ஆட்டத்தில் கத்தியதால் இல்லை, திரும்பி வருகிற பஸ்ஸில் அழுததால். உன் தொண்டை எப்படி இருக்கிறது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது நீதான் என்று எனக்கு ஆகஸ்ட் 23ஆம் தேதியே தெரியும். “ஒண்ணு, ரெண்டு” என்று ஆரம்பித்ததும் தலையைத் தூக்கிப் பார்த்தேன். எண்ணூறு வாய் திறந்திருந்தது. முன் பெஞ்சில் ஒருத்தி மட்டும் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எனக்கு எண்ணிக்கை தப்பியது கூச்சலால் இல்லை, எலி. உன்னைப் பார்த்ததால். எவன் எவ்வளவு தப்பாக எண்ணினாலும் சமாளித்திருப்பேன். நீ நின்ற நிலையைப் பார்த்த பிறகுதான் முடியவில்லை.

விசாரித்து எழுது என்று உனக்கு எழுதியது விசாரிப்பதற்காக இல்லை. நீயே சொல்லிவிட ஒரு வழி விட்டேன். உடம்பு சரியில்லையா என்றுகூடக் கேட்டேன். நீ அதையே பிடித்துக்கொண்டு காய்ச்சல் என்று எழுதினாய். மேட்ச் தோற்றபோது வலிக்காதது அந்த வரியைப் படித்தபோது வலித்தது. பந்தைக் கோணியில் கட்டியது அதற்காகத்தான். அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை, சொல்லப் போவதும் இல்லை.

அக்டோபர் கடிதத்தைப் படித்த அன்றே பரணில் ஏறினேன். பதில் எழுதவும் உட்கார்ந்தேன். மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய், மன்னிக்கவில்லை என்று எழுதினாலும் பொய். எதையும் எழுதாமல் பயிற்சிக்குப் போனேன். கோச் அம்மா ஒரு வாரம் பார்த்துவிட்டு, “வந்துட்டியா” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

இனி 29. கடைசி அரை நிமிடம், இரண்டு புள்ளி பின்னால், எனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. விதிக்கு என் மேல் அப்படி என்ன கோபமோ. முன் பெஞ்சைப் பார்த்தேன், நீ இல்லை. வந்திருக்க மாட்டாய் என்று நினைத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தேன். அவர்களும் ஆரம்பித்தார்கள். எங்கள் நாற்பது பேர் கோச் அம்மாவின் சட்டப்படி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த நாற்பது பேருக்கு நடுவிலிருந்து ஒரு சத்தம். “எங்கக்கா அது. போடுக்கா.” கரகரவென்று, உடைந்த குரல்.

கோச் அம்மா திரும்பி உன்னைப் பார்த்த பார்வையை நீ கவனித்திருக்க மாட்டாய். நான் கவனித்தேன். மூன்று வருடத்தில் அந்தச் சட்டத்தை மீறிய முதல் ஆள் நீதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை தட்டுத் தட்டினேன் என்று இன்றுவரை தெரியாது. போட்டேன், விழுந்தது.

இரண்டாவதுக்கும் அவர்கள் எண்ணினார்கள், ஆனால் அது என்னைக் குழப்பவில்லை. சரியாக நாலு தட்டு, நல்ல மூச்சு, எல்லாம் ஒழுங்கு. பந்து வளையத்தில் பட்டு வெளியே வந்தது. ஒரு புள்ளியில் தோற்றோம். எலி, அது உன்னால் இல்லை. கேலரியாலும் இல்லை. நான் போட்டேன், விழவில்லை. அது என்னுடையது, அதையும் நீ எடுத்துத் தலையில் வைத்துக்கொள்ளாதே.

நீ எனக்கு எழுதாமல் விட்ட ஒன்றையும் அன்றைக்குப் பார்த்துக்கொண்டேன். எங்கள் பக்கத்திலிருந்து நீ எழுந்து போகும்போது உன் கல்லூரிப் பெண்கள் வழி விட்டு ஒதுங்கினார்கள். மரியாதைக்கு இல்லை. ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், இன்னொருத்தி உன் காதுபட ஏதோ சொன்னாள். வேறு ஒன்றும் விசேஷமில்லை என்று எழுதியிருந்தாயே. எத்தனை நாளாக இப்படி? அங்கே உன்னோடு யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்? இதற்கு மட்டும் பொய் சொல்லாமல் பதில் எழுது.

பஸ் கிளம்பும்போது நீ வந்து ஜன்னலுக்குக் கீழே நின்றாய். நான் கண்ணாடியைத் திறக்கவில்லை. நீ என்ன நினைத்துக்கொண்டாய் என்று தெரியும், ஆனால் அது இல்லை. திறந்திருந்தால் அத்தனை பேர் முன்னாலும் அழுதிருப்பேன்.

பதினெட்டாம் தேதியிலிருந்து உனக்கு லீவு என்று சித்தி சொன்னாள். வீட்டுக்கு வா. முதல் நாள் உன்னோடு பேச மாட்டேன், அதற்குத் தயாராக வா. அம்மா கேட்டால் தொண்டை வலி என்று சொல்லிவிடுவேன். இரண்டாம் நாள் பேசுவேன்.

உன்
அக்கா